இதுதான் வெள்ளை

டவுன்ஹால் ரோட்டில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய
செகண்ட் ஹேண்ட் கேமரா.
மூடி இல்லை, விளக்கப் புத்தகம் இல்லை.
பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் மறந்து
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்கிறது.
இருக்கட்டும், வெளிச்சம் தெரிந்தால் போதும் என்று
கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

கோரிப்பாளையத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம்,
எனக்கு இரவுப் பணி.
பதினோரு வருடமாக மைக்ராஸ்கோப்பின் அடியில்
சின்ன நெம்பு ஒன்றைத் தள்ளி ஒளியைக் குறுக்கி
சிவப்பணுவின் விளிம்பைத் தெளியவைக்கிறவள்.
அதனால் அபெர்ச்சர் எனக்குப் பழைய சிநேகம்.
எண் ஏற ஏற ஏன் துளை சுருங்குகிறது
என்பது மட்டும் பிடிபடவில்லை.
சர்வீஸ் ஏற ஏற இன்க்ரிமென்ட் சுருங்கும்
எங்கள் லேபை நினைத்துக்கொண்டேன்,
மனப்பாடமாகிவிட்டது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், ஐந்தரை மணி.
முதல் படம் கறுப்பு.
இரண்டாவதில் நாலு ஒச்சம்மா,
ஒருத்திக்குள் ஒருத்தி.
கால் வினாடி என்பது
படிக்கல்லை மாற்றிவைத்து, சில்லறை கொடுத்து,
பக்கத்துக் கடையை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்ப
அவளுக்குப் போதுமான காலம்.
நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு வைத்தேன்.
ஆள் நின்றாள், கை நிற்கவில்லை.
ஐந்நூறில் ஒரு பங்கு.
கூடையிலிருந்து தராசுக்குப் போன பிடிப் பூ
எடைக்கு வராமல் வழியிலேயே நின்றது.
ஆனால் இருட்டு.
ஐஎஸ்ஓவைத் தூக்கினேன். ஆயிரத்து அறுநூறு.
மூவாயிரத்து இருநூறு.
இருட்டு விலகி
அவள் கன்னமெல்லாம் ரவை கொட்டிக் கிடந்தது.

"காட்டு" என்றாள்.
ரவையைப் பார்க்கவில்லை. தன் முகத்தையும் பார்க்கவில்லை.
"என்னாத்தா இது, பூவு பச்சையேறிக் கெடக்கு?
விடியமுன்ன பறிச்ச பூவ
மூணு நாப் பூவாக்கிப்புட்டியே.
எவனாச்சும் பாத்தா கிலோவுக்கு நூறு கொறைப்பான்."
டியூப் லைட் செய்கிற வேலை என்றேன்.
"என் கண்ணுக்கும் அதே லைட்டுதான?"

வெயில், மேகம், நிழல், பல்பு
என்று குட்டிக் குட்டிப் படங்கள்.
ஒவ்வொன்றாய்ப் போட்டேன், ஒன்றும் சேரவில்லை.
கடைசிப் படத்தில் நின்றதும்
வெள்ளையாக ஏதாவது காட்டு என்றது கேமரா.
பையிலிருந்த லேப் கோட்டை விரித்தேன்,
லீஷ்மன் சாயம் ஊதாவாய் ஊறியது.
"இது வெள்ளையா?"
இரண்டு கையும் நிறைய மொட்டள்ளி
லென்ஸை அடைத்தாற்போல் பிடித்தாள் ஒச்சம்மா.
"இதான் வெள்ளைன்னு அதுக்குச் சொல்லு."
சொன்னேன்.
காம்பின் இளம்பச்சையையும் சேர்த்து
வெள்ளை என்றே எழுதிக்கொண்டது.

வீட்டுக்குப் போகையில் மாற்ற மறந்துவிட்டேன்.
யானைக்கல் பாலத்தடியில் விடிந்த வைகை,
மணல், ஆகாயத்தாமரை,
வேட்டியை உதறிக் காயப்போடுகிறவர்,
எல்லாம் ரோஸ் நிறம்.
தப்புதான். அழிக்கவில்லை.

வியாழக்கிழமை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
பூ பூவாக இருந்தது.
மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி.
வியாபாரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.
"இந்தத் தேதிக்கு நான் பூவே தொடல.
பெரியவன் மூணு மாசம் வயித்துல.
மல்லி வாடை பட்டா ஓடிப்போயி வாந்தி எடுப்பேன்.
பனங்கெழங்கு வித்துக்கிட்டுக் கெடந்தேன்.
தேதிய மாத்திக் குடு ஆத்தா."

ஸ்பேனர் படத்துக்குக் கீழே மூன்றாவது வரி.
வருடம் திருத்தினேன், மாதம், நாள்.
மணி ஐந்து நாற்பது.
போகவிடாமல் இன்னொன்று கேட்டது.
இப்போது கோடை நேரமா, இல்லையா?
சித்திரை பிறந்து நாலு நாள்.
இன்னும் விடியவில்லை,
இரண்டு பேர் கழுத்திலும் வியர்வை.
ஒச்சம்மாவிடமே கேட்டேன்.
"அது எந்த ஊருக் கேமரா?" என்றாள்.